அருள்நாயகம் அண்ணைக்கு நீங்கள் போட்டுவிட்ட கோட்

போதுமான காலம் வாய் மூடி இருந்துவிட்டேன், தலைவர் அவர்களே, மேடையை நிறைத்த பெரியோர்களே, பின்வரிசையில் நின்ற உறவுகளே!

நேற்று நம் சங்கத்தின் ஸ்காபரோ மண்டபத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒன்பது பேர் பேசினீர்கள். ஒலிவாங்கி என் பக்கம் வரவில்லை. அதனால் அண்ணையின் இணைய நினைவுப் பக்கத்தில் பேசுகிறேன்.

"சங்கத்தின் தூண்" என்றீர்கள். இருபத்திரண்டு மாரிகள் அந்த வாசலில் பனி தள்ளியவர் யார்? அருள்நாயகம் அண்ணை! நீங்கள் எழும்பிப்போன கதிரைகளை அடுக்கியவர் யார்? அருள்நாயகம் அண்ணை! எந்த உடுப்பில்? சிவப்பும் கறுப்புமாய்க் கட்டம் போட்ட அதே வேலை ஜக்கெற்றில். முழங்கைக் கிழிசலை அவர் மனைவி இராஜேஸ்வரி அக்கா நீல நூலால் தைத்திருந்தார்.

வெள்ளிவிழாவன்று ஹீற்றர் நின்றுபோனது. அண்ணை கீழே இறங்கித் திருத்திவிட்டு மேலே வந்தார். குழுப்படத்துக்கு எல்லோரும் நின்றோம்.

"அண்ணை, உந்த ஜக்கெற்றோட வந்து நிக்காதேங்கோ. படம் பேப்பரில வருகுது," என்றார் செயலாளர்.

"கழட்டினா உள்ளுக்கை ஓட்டை பெனியன் தம்பி. அது பேப்பருக்கு இன்னும் வடிவாயிருக்கும்."

சிரித்தோம். நில்லுங்கோ என்று ஒருவரும் சொல்லவில்லை.

நேற்று பூமாலை போட்டு வைத்திருந்த படம் யாருடையது? நீலக் கோட், கழுத்தில் ரை! வாழ்நாளில் ரை கட்டாத மனிதரின் தலையை வெட்டி, யாரோ ஒருவனின் உடம்பில் ஒட்டியிருக்கிறது ஸ்ரூடியோ. கொலருக்கு மேலே ஒரு சிவப்புக் கட்டம் மட்டும் அழிபடாமல் கிடந்தது. கவனித்தீர்களா? அக்கா கவனித்தார். படத்தின் கண்ணாடியில் விரலை வைத்துச் சொன்னார்:

"உது மட்டுந்தான் இவர். மிச்சம் ஆரோ."

அந்த "ஆரோ"வைத்தான் வரும் ஞாயிறு மண்டபச் சுவரில் மாட்டப்போகிறீர்கள். மாட்டாதீர்கள்! வெட்டுப்படாத படத்தை இங்கே இணைத்திருக்கிறேன். ஜக்கெற்றும் பனி தள்ளும் சவளுமாய் அண்ணை நிற்கிறார். அதை மாட்டுங்கள்.

அவர் வேலை நிற்காது. அடுத்த பனிக்கும் வாசல் துப்புரவாக இருக்கும். யார் தள்ளியது என்று பார்க்க நீங்கள் அந்த நேரத்துக்கு வரப்போவதில்லை.

கீழே என் பெயரை எழுதினேன், பிறகு அழித்தேன். பதவி கிடைக்காத எரிச்சல் என்று நீங்கள் சொல்வீர்கள் என்பதற்காக அல்ல. அந்தப் பேச்சு எனக்குப் பழக்கம். ஸ்ரூடியோவுக்குப் போன மூன்று பேரில் நானும் ஒருவன். "கோட் என்ன நிறம்?" என்று கேட்டார்கள். "நீலம்" என்றவன் நான்.

பெயரில்லாமலே போடுகிறேன்.