செவலைக்கு ஒரு சேலை

— கொசுவத்தைச் சீக்கிரம் செருகு குட்டி. மாட்டு மடி கல்லு மாதிரி ஆயிடுச்சு. இன்னிக்கும் கறக்கலைன்னா செவலை பிழைக்காது பாரு.

— ஆடாம நில்லுங்க மாமா. செருகச் செருக அவுந்து விழுது. ஆம்பளைங்களுக்கு இடுப்பே இல்ல, தெரியுமா?

— இருக்கற இடுப்புல செருகு. தொழுவத்துக் கதவைச் சாத்தினியா? பால் வண்டிக்காரன் வர்ற நேரம். அவன் கண்ணுல பட்டேன்னு வை, சாயங்காலமே ஊர் பூரா என்னைப் புதுப்பொண்ணுன்னு கூப்பிடும்.

— சாத்திட்டேன். அத்தை சேலையைக் கட்டினா மட்டும் கறக்க விடுமா?

— மாட்டுக்கு மூக்குதான் கண்ணு. இது துவைக்காத சேலை. அவ வாசம் அப்படியே இருக்கு. பழகாத கை கறக்கணும்னா பழகினவங்க துணியைப் போட்டுக்கறது எங்கப்பா காலத்துலயே உண்டு. ஆனா அவரு சேலை கட்டலை. நம்ம வீட்டுல நான்தான் முதல்.

— அத்தை எப்ப வருவாங்க மாமா?

— அவ அக்காவைப் பார்த்து நாளாச்சுன்னு போயிருக்கா. வருவா.

— லீவு முடியறதுக்குள்ளயா? என்னைப் பண்ணைக்குக் கூட்டிட்டு வந்ததே அத்தைதான். எங்கிட்ட சொல்லிக்காமலே போயிட்டாங்களே.

— பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. முக்காட்டை இழுத்து விடு. மீசை தெரியுது பாரு.

— பஸ்ஸு மத்தியானம்தானே மாமா. அத்தை விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க.

— வாளியை எடுன்னா எடு. கேள்விக்குப் பொறந்தவ. ம்... ம்... செவலை, நான்தான்டி.

— மோந்து பாக்குது மாமா. காதைத் தொங்கப் போட்டுடுச்சு. நம்பிடுச்சு போல.

— சத்தம் போடாதே. இதோ, காம்பைத் தொட்டாச்சு. இதோ... ஐயோ அம்மா.

— வாளி போச்சு.

— என் முழங்கால் போச்சு, இவ வாளிக்கு அழறா. என்ன மாடு இது? சேலை அவளது. உட்கார்ந்ததும் அவ உட்காரற பக்கம்தான். இன்னும் என்ன வேணுமாம்?

— நீங்க ரெண்டு கையாலயும் பிடிச்சீங்க.

— பின்னே? ஒத்தைக் கையாலயா கறப்பாங்க?

— அத்தை ஒத்தைக் கையாலதான் கறந்தாங்க. செவலைக்கு அதுதான் இப்ப பழக்கம், தெரியுமா?

— எப்பலேர்ந்து?

— வைக்கோல் போர் போட்டோமே, அதுக்கு மறுநாள்லேர்ந்து. வாளி சாயாம நான்தான் பிடிச்சுக்குவேன்.

— அந்த மறுநாள்லேர்ந்தா?

— ஏன் மாமா கீழயே பாக்கறீங்க? கால் வலிக்குதா?

— ஒண்ணுமில்ல. ஒத்தைக் கையாலயே கறக்கறேன். வாளியைப் பிடி.

— சும்மா கறந்தா இறங்காது. அத்தை பேசிக்கிட்டே கறப்பாங்க. அந்தப் பேச்சைக் கேட்டாதான் செவலை அசையாம நிக்கும்.

— என்ன பேசுவா?

— வேணாம் மாமா.

— குட்டி, வாயில்லா ஜீவன் வலியில துடிக்குது. அவ சொன்னதை அப்படியே சொல்லு. நானும் அதையே சொல்றேன்.

— உங்களுக்கு வெக்கமா இருக்கும்.

— சேலையே கட்டியாச்சு. இதுக்கு மேல என்ன வெக்கம்? சொல்லு.

— "இடது கையைத் தூக்க முடியலடி செவலை. ஒத்தைக் கையால கறக்கறேன், நீயும் உதைச்சுடாதே. அவரு அடிச்ச அடியே இன்னும் ஆறலை."