ஐந்து பிள்ளைகள், ஒரே கை

மனைவி: அந்த டையை முதல்ல கழட்டுங்க.

கணவர்: எதுக்கு? ஆபீஸ்லேர்ந்து நேரா வர்றேன்...

மனைவி: விலையைக் குறைக்கச் சொல்லப் போற ஆளு மாப்பிள்ளை கோலத்துல போகக் கூடாது. கழட்டி என் பையில போடுங்க. வாட்ச்சையும்.

கணவர்: வாட்ச் என்ன பாவம் பண்ணுச்சு?

மனைவி: மின்னுது. எங்கப்பா கடையில ஆளு வாசப்படி ஏறும்போதே செருப்பைப் பார்த்துடுவாரு. செருப்புக்குத் தகுந்த விலைதான் சொல்வாரு.

கணவர்: இது ஸ்கூலும்மா. உங்கப்பாவோட பாத்திரக் கடை இல்ல.

மனைவி: பணம் வாங்கற இடமெல்லாம் கடைதான். இங்க கல்லாப்பெட்டிக்கு அட்மிஷன் ஆபீஸ்னு பேரு, அவ்வளவுதான்.

கணவர்: மெதுவா... கண்ணாடிக் கதவு. உள்ள கேக்கும்.

மனைவி: கேக்கட்டும். இந்த நாற்காலியைப் பாருங்க. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குச் செஞ்சது. முட்டி தாடையில இடிக்குது. பேரம் பேச வர்றவங்களைக் குட்டையாக்கி உக்கார வெச்சிருக்காங்க.

கணவர்: உன் புத்தி எங்கெல்லாம் போகுது பாரு...

மனைவி: உங்க புத்தி போக வேண்டிய நேரத்துல போகல, அதான் என்னோடது ஓடுது.

கணவர்: ஆரம்பிச்சிட்டியா?

மனைவி: நம்ம பாப்பா ஃபீஸைக் கம்பெனி நேரா ஸ்கூலுக்குக் கட்டிட்டு இருந்துச்சா இல்லையா? "இனிமே சம்பளத்தோடயே சேர்த்துத் தந்துடறோம்"னாரு உங்க மேனேஜர். பல்லெல்லாம் தெரிய கையெழுத்துப் போட்டுட்டு வந்தீங்க.

கணவர்: சம்பளம் ஏறிடுச்சேன்னு சந்தோஷம். நீயும்தான் சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்ட.

மனைவி: அன்னிக்கு ஒரு நாள் போட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. ஃபீஸ் வருஷா வருஷம் ஏறுது. உங்களுக்கு "ஏற்கெனவே சம்பளம் அதிகம்"னு சொல்லி அங்கேயே நிறுத்தி வெச்சுட்டாங்க. அது பத்தாதுன்னு, கம்பெனி கட்டினா ஒரு ரேட்டு, நாம கட்டினா அதுக்கு மேல ஒரு ரேட்டு!

கணவர்: நான் மட்டுமா கையெழுத்துப் போட்டேன்? எங்க செக்‌ஷன்ல எல்லாரும்தான் போட்டாங்க.

மனைவி: அந்த எல்லாரும்தான் இன்னிக்கு என் மூலதனம்.

கணவர்: புரியல.

மனைவி: உள்ள போனாப் புரியும்.

கணவர்: உள்ள நடக்கலைன்னா...?

மனைவி: நடக்கும்.

கணவர்: நடக்கலைன்னா?

மனைவி: தெரிஞ்சதுதானே. நானும் பாப்பாவும் பிளேன் ஏறி ஊருக்கு, நீங்க இங்க தனியா. அவ பெரிய பரீட்சை முடியற வரைக்கும்.

கணவர்: நேத்து அவ என்ன கேட்டா தெரியுமா? "அப்பா, நான் போயிட்டா என் மேஜையை நீங்க சாப்பிடறதுக்கு வெச்சுக்குவீங்களா"ன்னு கேட்டா.

மனைவி: எந்திரிங்க, கூப்பிடறாங்க. நான் பேசும்போது நீங்க பேசாதீங்க. நான் பேசாம இருந்தேன்னா... அப்பவும் பேசாதீங்க.

ஃபீஸ் மேடம்: வாங்க, உக்காருங்க. தமிழ்லயே பேசலாம். வெளியில பேசினது கொஞ்சம் கேட்டுச்சு.

கணவர்: எதுலேர்ந்துங்க மேடம்?

ஃபீஸ் மேடம்: டைலேர்ந்து.

கணவர்: ஐயோ...

ஃபீஸ் மேடம்: நாற்காலி வரைக்கும்தான். அப்புறம் ஒரு போன் வந்துடுச்சு.

மனைவி: நல்லதாப் போச்சு மேடம், முன்னுரை மிச்சம். எங்களுக்குக் கம்பெனி ரேட்டு வேணும்.

ஃபீஸ் மேடம்: அதுக்கு ஒரு கம்பெனி வேணுமேம்மா.

மனைவி: கம்பெனின்னா என்னங்க? அஞ்சு பிள்ளைங்களுக்கான பணம், ஒரே கையிலேர்ந்து, டேர்ம் தொடங்கறதுக்கு முன்னாடி வந்து விழணும். உங்களுக்கு அதுதானே கணக்கு? மாடிக் கட்டடமும் வாசல்ல கொடியுமா கேக்கறீங்க?

ஃபீஸ் மேடம்: ...மேல சொல்லுங்க.

மனைவி: சம்பளத்தோட சேர்த்து வாங்கி ஏமாந்தது இவரு ஒருத்தர் இல்ல. இவங்க ஆபீஸ்ல ஆளாளுக்குத் தனித்தனியா வந்து உங்ககிட்ட தவணை கேட்டு நிக்கறாங்க. நீங்களும் ஒவ்வொருத்தரையா போன்ல துரத்தறீங்க. இனிமே துரத்த வேண்டாம். மாசாமாசம் நான் வசூல் பண்றேன். டேர்முக்கு டேர்ம் மொத்தமா நான் கட்டறேன்.

ஃபீஸ் மேடம்: நடுவுல ஒருத்தருக்கு வேலை போயி, பெட்டியைக் கட்டிட்டாரு. அப்போ?

மனைவி: அந்த டேர்மை மீதிப் பேரு தோள் குடுத்துத் தூக்கறோம். பேசி வெச்சாச்சு.

கணவர்: எப்போ பேசி...

மனைவி: என்னங்க, தண்ணி குடிங்க.

கணவர்: தாகமில்ல...

மனைவி: குடிங்க.

ஃபீஸ் மேடம்: இவ்வளவு பேசறீங்களே, நீங்க ஏன் வேலைக்குப் போகல?

மனைவி: என் விசாவுல வேலை பார்க்கக் கூடாதுன்னு இருக்கு மேடம். பேசக் கூடாதுன்னு இல்ல.

ஃபீஸ் மேடம்: சரி, நான் முடியாதுன்னுட்டேன்னு வெச்சுக்குவோம்.

மனைவி: பாலத்துக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு ஸ்கூல் வந்திருக்கே. அஞ்சு பேரையும் அங்க கொண்டு போயிடறோம். வா வான்னு கூப்பிடறாங்க.

ஃபீஸ் மேடம்: ஓ... போய்ப் பார்த்தீங்களா?

கணவர்: பார்த்தோமே. நீச்சல்குளம் நல்ல ஆழம்.

ஃபீஸ் மேடம்: நீச்சல்குளம்.

கணவர்: நீலமா இருந்துச்சு.

ஃபீஸ் மேடம்: ம்ம்... சரி. கம்பெனி ரேட்டு போட்டுத் தர்றேன். ஆனா பில்டிங் ஃபண்டு தனியாக் கட்டணும்.

மனைவி: இவங்க கம்பெனி கட்டின காலத்துல பில்டிங்கைப் பத்தி நீங்க வாயைத் திறக்கவே இல்லியே மேடம். கட்டடம் அப்பவும் இங்கதானே நின்னுச்சு?

ஃபீஸ் மேடம்: பொல்லாத ஆளும்மா நீங்க. சரி, விட்டாச்சு. வேற?

மனைவி: வேற ஒண்ணுமில்ல.

கணவர்: பஸ் ஃபீஸ்...

மனைவி: அதை அடுத்த வருஷத்துக்கு வெச்சிருக்கேன். ஒரே நாள்ல எல்லாத்தையும் கறந்தா மாடு உதைக்கும்.

ஃபீஸ் மேடம்: மாடு இங்கதான் உக்காந்திருக்கு, ஞாபகம் இருக்கட்டும். சரி, யாரு யாரு வீட்டுப் பிள்ளைங்க? சொல்லுங்க.

மனைவி: எங்க பாப்பா. ஸ்டோர் கீப்பர் பையன். கிரேன் ஆபரேட்டர் பொண்ணு. அப்புறம் சேஃப்டி ஆபீசரோட கடைக்குட்டி.

ஃபீஸ் மேடம்: நாலு.

மனைவி: ஆமா.

ஃபீஸ் மேடம்: அஞ்சாவது?

மனைவி: அஞ்சாவது... டிராயிங் ஆபீஸ்ல ஒருத்தரோட பையன்.

கணவர்: அவரா? அவரு குடும்பத்தை நேத்தே ஊருக்கு ஏத்தி விட்டுட்டாரே! நான்தானே ஏர்போர்ட் வரைக்கும் போயிட்டு வந்தேன். உனக்குத் தெரியாதா?

மனைவி: தெரியும்.

கணவர்: அப்புறம் எப்படி அஞ்சுன்னு...

மனைவி: தண்ணி குடிக்கச் சொன்னேனே... ஆமா மேடம். முந்தாநாள் வரைக்கும் அஞ்சு, இப்போ நாலு. நாலுக்குப் போட முடியுமா?

ஃபீஸ் மேடம்: அஞ்சுன்னா என் கையெழுத்து போதும். நாலுன்னா மேலே அனுப்பணும். மேலே போனா என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும்.

மனைவி: ஒரு வாரம் குடுங்க. ஆளைக் கொண்டு வந்து நிறுத்தறேன்.

ஃபீஸ் மேடம்: சீட்டை உறுதி பண்ண இன்னிக்குத்தான் கடைசி நாள். நாளைக்குக் காலையில பாப்பாவோட இடம் காத்திருக்கறவங்களுக்குப் போயிடும்.

கணவர்: பழைய ரேட்டுலயே கட்டிடலாம்மா. எதையாவது வித்து...

மனைவி: என்னத்தை விக்கப் போறீங்க? கழட்டின வாட்ச்சையா? ஒரு டேர்முக்கு வித்துக் கட்டலாம். அடுத்ததுக்கு? எந்திரிங்க.

கணவர்: எங்க?

மனைவி: பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். அவங்க கதவைச் சாத்தறதுக்குள்ள போயிடலாம். வர்றோம் மேடம்.

கணவர்: நிஜமாவே போறோமா?

மனைவி: நடங்க சொல்றேன்...

ஃபீஸ் மேடம்: உக்காருங்கம்மா. அங்க சீட் இல்ல.

மனைவி: அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஃபீஸ் மேடம்: போன வாரம் இங்க படிக்கற என் பையனுக்குக் கேட்டு அந்த வாசல்ல நானே நின்னுட்டு வந்தேன். கான்ட்ராக்ட்ல வேலை பார்க்கற எங்களுக்கு இங்க சலுகையெல்லாம் கிடையாது, நீங்க கட்டற அதே ரேட்டுதான்... அஞ்சாவதா அவன் பேரைச் சேர்த்துக்குங்க. முதல் தேதி வசூலுக்கு வாங்க, பின்பக்கக் கதவு வழியா.