லூசியாவின் டிஸ்க்

இந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு ஒரு சின்ன மின்விசிறி போடலாம், சாமி. வெயில் காலத்தில் இங்கே மண்டியிடுகிறவர்கள் பாவத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நான் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பீர்கள். லூர்து பிரகாஷ். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே லேப்டாப் சர்வீஸ் கடை. ஆனால் பூசை முடிந்து வெளியே வந்தால், "நம்ம லூசியா வீட்டுக்காரர்" என்றுதான் என்னை நாலு பேருக்குக் காட்டுவீர்கள். எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை.

என் மனைவியின் ஆராய்ச்சி உங்களுக்குத் தெரியும். ஒலக்கூர் பக்கத்து ஊர்களில் மல்லாட்டைக் கடலை உரிக்கும் பெண்களின் பேச்சைப் பல வருடமாகப் பதிவு செய்தாள். அவர்களில் வெள்ளையம்மாள் செத்தே போய்விட்டாள். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் திருச்சியில் கல்லூரி வேலை. அதற்குச் சிபாரிசு செய்தது நீங்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீங்க கடையப் பாத்துக்கினு இருங்க, நான் வாராவாரம் வர்றேன்" என்றாள். வாராவாரம் வருகிறவளுக்குப் பெயர் விருந்தாளி. அதை நான் அவளிடம் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேன்.

அவள் லேப்டாப்பில் பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தது நான்தான், கல்யாண நாளுக்கு. பழைய டிஸ்க் சாகும்போது கடகடவென்று சத்தம் போட்டு ஊரைக் கூட்டும். எஸ்.எஸ்.டி.க்குச் சத்தம் கிடையாது. நேற்று ஓடியது இன்று ஓடாது. ஆனால் சில சமயம் லேப்டாப் முன்னாலேயே சொல்லிவிடும். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில், டிஸ்க் கெடப்போகிறது, காப்பி எடுத்துக்கொள் என்று இரண்டு வரி காட்டும். போன தவக்காலத்தில் அவளுக்கு அது வந்தது.

"இன்னாங்க இது, என்னமோ இங்கிலீஷ்ல வருது? பயமாக்கீது."

"ஒண்ணுமில்ல, செட்டிங்குதான். குடு."

லேப்டாப்பின் அடிப்படை செட்டிங் இருக்கும் பயாஸுக்குள் போய் அந்த எச்சரிக்கையை நிறுத்தினேன். வேறு யாரும் திருப்பி மாற்றாதபடி பாஸ்வேர்டு போட்டேன். ஒரு ஃபைலைக்கூட நான் அழிக்கவில்லை, சாமி. டிஸ்க் தன் ஆயுசு முடிந்துதான் செத்தது.

"பேக்கப் எடுத்துட்டீங்களா?" என்று அடிக்கடி கேட்பாள். எடுத்துவிட்டேன் என்பேன். அது பொய்யில்லை.

ஆய்வேடு கொடுக்க வேண்டிய மாதத்தில் லேப்டாப் எழுந்திருக்கவில்லை. பேக்கப்பும் கெட்டுவிட்டது என்றேன். சென்னையில் காட்டலாம் என்று கெஞ்சினாள். போகிறேன் என்று கிளம்பி, எதிர்ப்பக்கம் விக்கிரவாண்டி வரை போய், பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். முடியாதாம் என்றேன்.

"அந்தப் பொம்பளைங்க கொரலு எல்லாம் போச்சா?" என்று மட்டும் கேட்டாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். அன்றெல்லாம் என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சாய்ந்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பேக்கப் பத்திரமாக இருக்கிறது. கடையில், செத்துப்போன டிஸ்குகளைப் போடும் டப்பாவில். அவ்வப்போது எடுத்து மாட்டிப் பார்ப்பேன். ஆரோக்கியம் நூறு சதவீதம் என்று காட்டும். வெள்ளையம்மாள் சிரிப்பதுகூடத் தெளிவாகக் கேட்கிறது.

கொடுத்துவிடு என்பீர்கள். கொடுக்க மாட்டேன். செய்த பாவத்துக்கு மனஸ்தாபப்பட்டு வருந்தாதவனுக்கு மன்னிப்பு இல்லை என்று எனக்கும் தெரியும். நான் அதற்கு வரவில்லை. இங்கே கேட்டதை நீங்கள் வெளியே மூச்சுவிடக் கூடாது, அதுவும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் உங்களிடம் வந்து அழுவாள். டப்பா எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே நீங்கள் அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். சிபாரிசு செய்தவர் நீங்கள்தானே.

என் கோபமெல்லாம் உங்கள் மேல்தான். லூசியாவுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள். "அவுரு மட்டும் பக்கத்துல இல்லன்னா நான் செத்தே போயிருப்பேன், சாமி" என்பாள்.