மடுல்சீமைப் பெட்டிக்குத் தன் பெயரால் பதில் சொன்ன பரிமளம் அம்மையாருக்கு

முப்பத்தொரு ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலைகளான மூன்று தோட்டத்து ஸ்டோர்களையும் பதுளைப் பணிமனையையும் பிரியாமல் பிணைத்து வைத்த பெருந்தகையே, கம்பிக்குள் ஓடும் செய்திக்கும் காவல் வேண்டுமென்று கண்டிப்போடும் கனிவோடும் கற்பித்தவரே, கோபம் வந்தால் குரலைத் தாழ்த்தி எங்களைக் குலைநடுங்க வைத்தவரே, திருமதி பரிமளம் செல்வநாயகம் அவர்களே, கூடியிருக்கும் அத்தனை பேரின் வணக்கம்.

தொலைபேசி இணைப்பாளராகச் சேர்ந்து, தட்டச்சுப் பழகி, யாரும் தொடத் துணியாத முதற் கணினியைத் துணிந்து தொட்டுத் தாங்கள் ஏறிய படிகளை அடுக்கினால் தேநீர் ஆறிவிடும். கடவுச்சொல்லை நாட்காட்டியில் எழுதி மாட்டிய ஹல்துமுல்லை ஸ்டோரின் பொறுப்பாளரான டீமேக்கரைத் தாங்கள் படுத்திய பாட்டைச் சொன்னால் அவர் எழுந்தே போய்விடுவார். ஆகவே ஒரேயொரு செய்தியைச் சொல்கிறோம். அதையும் மடுல்சீமை ஸ்டோரில் இருபது வருடமாக ட்ரையரில் தேயிலை உலர்த்தும் வீரய்யாவின் பக்கம் நின்று சொல்கிறோம். பட்டவர் அவர்தான்.

பதுளையிலிருந்து மடுல்சீமைக்குப் பஸ்ஸில் போய் வந்தால் ஒரு நாள் தொலைந்தது. மண் சரிந்தால் அந்தப் பஸ்ஸும் இல்லை. ட்ரையரின் சூட்டை ஆளும் கருவிக்கோ சொந்தமாக ஒரு பூட்டுக்கூடக் கிடையாது. அதே கம்பியில் வந்து சேரும் எவரும் சூட்டை ஏற்றலாம், இறக்கலாம். அதற்காகத்தான் அம்மையார் மூன்று ஸ்டோர்களிலும் பிரிட்ஜ் பெட்டிகளை வைத்தார். பெட்டியின் ஒரு பக்கம் இயந்திரங்கள். மறுபக்கம், பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டுப் பதுளைக்கு ஓடும் பாதை. கணினிச் சாவி உள்ளவர், இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பதுபோலவே பதுளை மேசையிலிருந்து அதைப் பார்க்கலாம். ஆளுக்கொரு சாவி, கைமாற்றக் கூடாது, வேலையை விட்டுப் போகிறவரின் சாவி அன்றைக்கே அழிக்கப்படும். இவை அம்மையார் போட்ட சட்டங்கள்.

சென்ற ஆயுத பூசையன்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வீரய்யா வழக்கம்போலக் கழுவித் துடைத்தார். பெட்டியையும் விடவில்லை. தூசி தட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்தார். பெட்டியில் செருகியிருந்த ஒரு கேபிளின் மறுமுனை சும்மா தொங்கியது. நல்ல நாளும் அதுவுமாக அது அநாதையாகத் தொங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. அதே பெட்டியில் காலியாக இருந்த துவாரத்தில் செருகிவிட்டுக் கற்பூரம் காட்டினார்.

மறுநாள் காலை மின்சாரம் கொடுத்ததும், பெட்டியிலிருந்து புறப்பட்ட செய்தி அந்தக் கேபிள் வழியாக அதே பெட்டிக்குள் திரும்பி, சுற்றிச் சுற்றிப் பெருகி, மூன்று ஸ்டோர்களின் கம்பிகளையும் அடைத்துவிட்டது. பதுளையில் திரை இருண்டது. மடுல்சீமையில் சூட்டைக் காட்டும் எண் நின்ற இடத்திலேயே நின்றது. அதை நம்பிய வீரய்யா நெருப்பைக் குறைக்கவில்லை. அன்றைய தேயிலை முழுவதும் கருகிப் போயிற்று.

பெட்டியைத் தொட்டது யார் என்று விசாரித்தபோது அவர் மறைக்கவில்லை. "நாந்தாங்க தொட்டேன். பொட்டு வச்சேன்" என்றார். வேண்டுமென்றே செய்த சேதம் என்று வேலைநீக்கக் கடிதம் தயாரானது. அம்மையாரின் அறிக்கை ஒன்றுதான் பாக்கி. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். "சட்டி பானையெல்லாம் சாக்குல கட்டவா?" என்று மனைவி பெரியாயி வீரய்யாவிடம் கேட்டார்.

அம்மையார் வந்தார். அந்தக் கேபிளை உருவினார். எல்லாம் உயிர்பெற்றன. வீரய்யா, தான் செய்த குற்றம் இப்போது எல்லோர் கண்ணுக்கும் முன்னால் தொங்குகிறதே என்று நினைத்தார். அம்மையாரோ மடிக்கணினியைத் திறந்து பெட்டியின் அமைப்பைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

இப்படிச் செய்தி சுற்றாமல் தடுக்கும் காவல் ஒன்று பெட்டிக்குள்ளேயே உண்டு. அது அணைக்கப்பட்டிருந்தது. அணைத்தவர் பெயர் என்று பெட்டி காட்டியது அம்மையாரின் பெயரை. பெட்டியைப் பொருத்திய நாளில், காவல் இருந்தால் ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அரை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. பதுளை திரும்பப் பசறைக்குப் போகும் கடைசி பஸ் வெளியே ஹோன் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று அணைத்தார், மறந்துபோனார். தன் மடிக்கணினிக்காகக் கொண்டுவந்த கேபிளையும் அப்படியே தொங்கவிட்டுப் போனார். அந்தப் பதிவை வாசிக்கத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். வாய்மூடி இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது.

அவர் அதை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதினார். எங்கள் முகாமையாளர் இந்திரஜித் அவர்கள், அக்கறையால்தான், "இதை எழுதத்தான் வேணுமாம்மா? ஓய்வுக்கு இன்னும் நாலு மாசந்தானே இருக்கு" என்றார்.

"எனக்கு நாலு மாசங்க. வீரய்யாவுக்கு இன்னும் பதினோரு வருசம் இருக்கு."

கடிதம் கிழிக்கப்பட்டது. சிறந்த உத்தியோகத்தர் விருதுப் பட்டியலிலிருந்து அம்மையாரின் பெயரும் எடுக்கப்பட்டது. எங்களுக்கு அது இன்றும் ஆறவில்லை. அதை மறைத்துப் பேச இம்மடலுக்கு மனமில்லை.

மறுநாளே அவர் மீண்டும் மடுல்சீமைக்குப் போய்க் காவலைப் போட்டார். வீரய்யாவைக் கூப்பிட்டு, அதே கேபிளைக் கையில் கொடுத்து, செருகச் சொன்னார். அவர், "வேணாம்மா" என்றார். "செருகுங்க வீரய்யா. நான் இருக்கேன்ல." செருகினார். அந்தத் துவாரம் மட்டும் முடங்கியது. சூட்டின் எண் ஓடிக்கொண்டே இருந்தது. "வர்ற பூசைக்கும் தொடைங்க, பொட்டு வைங்க. இனி யார் செருகினாலும் தாங்கும்" என்றார் அம்மையார்.

அம்மையே, தாங்கள் இட்ட சட்டப்படி தங்கள் சாவியை இன்று காலை, தங்கள் வேலையை இனிப் பார்க்கப்போகும் கலாராணி அழித்தார். அழித்துவிட்டு அழுதார். "சரியாத்தான் செஞ்சிருக்க" என்று தாங்களே அவருடைய முதுகைத் தட்டினீர்கள். நோயின்றி, கடைசி பஸ்ஸின் அவசரமின்றி, பேரப்பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளுக்கு நல்ல பூட்டுகள் போட்டபடி பல்லாண்டு நலமாக இருங்கள்.

இத்தகைய மடல்களில் உத்தியோகத்தர் மட்டுமே ஒப்பமிடுவது தோட்டத்து வழக்கம். ஒருவர் கேட்டுக்கொண்டதால் அந்த வழக்கத்தை இன்று விட்டுவிட்டோம். மற்றவர்கள் எல்லோரும் அவருக்குக் கீழே ஒப்பமிடுகிறோம்.

சு. வீரய்யா
ட்ரையர், மடுல்சீமை ஸ்டோர்

மற்றும் மூன்று ஸ்டோர்களின் தொழிலாளர்கள், பதுளைப் பணிமனை உத்தியோகத்தர்கள்