மென்மையைப் பற்றிய படிப்பு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். புசல்லாவையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு தாயும், யுனிவர்சிட்டி கம்பஸில் படிக்கும் மகளும் இருந்தார்கள்.

“சாயங்காலம் பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட நத்தைன்னு வாயத் தொறந்துறாத,” என்றார் தாய்.

“நத்தையப் பத்தித்தானம்மா படிக்கிறேன்.”

“அதுக்கு இங்கிலீசுல என்னமோ பேரு சொன்னியே?”

“மெலகாலஜி.”

“அதச் சொல்லு. டொக்டர் படிப்பு மாதிரி இருக்கு.”

“அப்படின்னா என்னான்னு கேப்பாங்களே.”

“என்னாவாம்?”

“கிரேக்க பாஷையில மென்மைங்கிற சொல்லுல இருந்து வந்திச்சாம். நத்தை ஒடம்பு மெத்துமெத்துன்னு இருக்குல்ல, அதான்.”

தாயின் முகம் மலர்ந்தது. “அப்ப மென்மையப் பத்தின படிப்புன்னு சொல்லு. பொண்ணுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு.”

“எதோட மென்மைன்னு கேட்டா?”

“தலையக் குனிஞ்சுக்க. வெக்கம்னு நெனச்சுக்குவாங்க.”

மறுநாள் காலை அதே பஸ்ஸில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை என்று பேச்சில் விளங்கியது. அவர் மடியில் ஓர் ஐஸ்கிரீம் டப்பா; மூடியில் ஓட்டை போட்டிருந்தது.

“எங்க முட்டைக்கோவாப் பாத்தியில இன்னும் நெறைய நத்தை இருக்குங்க,” என்றார்.

பின் சீட்டில் தாய் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.