பழகிப்போன ஆரஞ்சு

கலர் பிரிண்டர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் ஒன்று சொல்வேன். கடைக்காரர் அடித்துக் காட்டும் கிளிப் படத்தை நம்பாதீர்கள். எல்லாக் கடையிலும் ஒரு கிளி வைத்திருப்பார்கள். பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, பின்னால் நீல வானம். பார்த்தவுடனே ஆகா என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் அந்தக் கிளியை நேரில் பார்த்தவர் யார்? மூக்கு கொஞ்சம் ஆரஞ்சாக வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? நமக்கு நிறம் தெரிந்த ஒன்றை அடித்துப் பார்க்க வேண்டும். நானாக இருந்தால் வெறும் சாம்பல் நிறக் கட்டம் ஒன்றை அடிக்கச் சொல்வேன். அதை ஒழுங்காக அடிக்கத் தெரியாத பிரிண்டரிடம் வேறு எந்த நிறத்தையும் எதிர்பார்க்க வேண்டாம். இந்தச் சின்ன விஷயம் தலையில் ஏறாததால்தான் எங்கள் அலுவலகத்தில் எல்லாம் கெட்டது.

நீங்கள் கூரை விழுந்ததைப் பற்றிக் கேட்கிறீர்கள். தெரிகிறது ஐயா, அதற்குத்தான் வருகிறேன். பிரிண்டரை விட்டுவிட்டு அதை மட்டும் சொன்னால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

பெரிய இரும்புக் கூரைகள் பாரம் தாங்குமா என்று கணக்குப் பார்த்துச் சொல்வது எங்கள் அலுவலகத்தின் வேலை. கணக்கை ஓட்டும் கிராஃபிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன் என்கிற பெரிய கம்ப்யூட்டர் என் பொறுப்பு. அது கூரையை முழுப் படமாகத் திரையில் காட்டும். நிம்மதியான இடம் பச்சை, கொஞ்சம் பாரம் கூடிய இடம் மஞ்சள், தாங்காத இடம் சிவப்பு. கூரை போடுகிறவர்கள் இந்தத் திரையைப் பார்ப்பதே இல்லை. நாங்கள் அடித்து அனுப்பும் தாள்தான் அவர்களுக்கு எல்லாம். அதைச் சுவரில் ஒட்டிவைத்து, பச்சைக்கு ஒன்றுமில்லை, மஞ்சளுக்கு ஒத்தைப் பட்டை, சிவப்புக்கு ரெட்டைப் பட்டை என்று இணைப்புகளில் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைப்பார்கள். ஓரத்தில் எண்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. சாரத்தின் மேல் நிற்பவர் எண்ணையா படித்துக்கொண்டிருப்பார்? நிறத்தைத்தான் பார்ப்பார்.

அப்படியென்றால் அந்தத் தாளில் நிறம் எவ்வளவு முக்கியம் என்று நீங்களே சொல்லுங்கள்.

பழைய பிரிண்டர் மண்டையைப் போட்டபோது, புதியதைத் தேர்ந்தெடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே கூரைப் படத்தை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். வெயிலில் பார்த்தேன், குழல்விளக்கில் பார்த்தேன், ஈரக் கையால் தேய்த்துப் பார்த்தேன். திரையில் பளிச்சென்று தெரிகிற சிவப்பு, தாளில் இறங்கியதும் செத்துப்போகிறது. திரைக்கு வெளிச்சம், தாளுக்கு மை, இரண்டும் வேறு சங்கதி. கடைசியில் எங்கள் அலுவலகத்துக்குப் பின்தெருவிலேயே ஒரு பிரிண்டர் கிடைத்தது. ஐஸ்பெட்டி அளவு இருக்கும். தனித் தாள் கேட்கும். ஆமை வேகம். ஆனால் சிவப்பு என்றால் சிவப்பு. அந்தக் கடையில் நின்று நான் முதல் தாளைக் கையில் வாங்கியபோது, என் பெண் பிறந்ததும் கையில் வாங்கியது நினைவுக்கு வந்தது. சிரிக்காதீர்கள்.

எங்கள் கொள்முதல் பிரிவுக்குத் தலைவன் என் மனைவியின் தம்பி. நான் சொன்னதை வாங்கக்கூடாது என்று அவனுக்கு வேண்டுதல் ஒன்றுமில்லை. கடிதமும் அடிக்கலாம், விளம்பரத் தாளும் அடிக்கலாம் என்று வேறொன்றைப் பிடித்துவிட்டான். கூட்டத்தில் இரண்டு தாளையும் மேசையில் வைத்தேன். அவன் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான்.

"கண்ணுக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது மாமா. உங்களோடது ஒரு தாள் அடிக்கிறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துடலாம்."

"சிவப்பு ஆரஞ்சா வருதுடா."

"பழகிடும் மாமா."

முதலாளி சிரித்தார். முதலாளி சிரித்தால் எல்லாரும் சிரிக்க வேண்டும் அல்லவா, சிரித்தார்கள். ஒரே ஒருத்திதான் சிரிக்கவில்லை. வேலைத்தளத்துப் பொறியாளர். எதையும் இரண்டு தடவை விளக்கிச் சொல்வாள் என்பதால் பற்றவைப்பவர்கள் அவளுக்கு டீச்சர் என்று பேர் வைத்திருந்தார்கள். "சார் சொல்றது சரிதாங்க. நாங்க நிறத்தைப் பாத்துத்தான் பட்டை வைக்கிறோம். நிறம் தப்பா வந்தா வேலையே தப்பாயிடும்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேரில் ஒருத்திக்காவது புரிந்ததே என்று இருந்தது. ஆனாலும் மச்சினன் சொன்னதைத்தான் வாங்கினார்கள்.

அதோடு நான் பட்ட பாடு சொல்லி முடியாது. தாளில் சிவப்பு என்று தனி மை கிடையாது. மஞ்சள் மேல் மெஜந்தா என்கிற ரோஸ் மை விழுந்தால்தான் சிவப்பு. அந்தப் பிரிண்டரிலோ மெஜந்தா வரும் துளை சும்மா விட்டால் காய்ந்து அடைத்துக்கொள்ளும். தினமும் காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து, சுத்தம் செய்யும் பட்டனை அமுக்கி, சோதனைத் தாள் அடித்து, திரும்ப அமுக்கி, திரும்ப அடித்து, ஒரு வழியாக ஆரஞ்சு வரைக்கும் கொண்டுவருவேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்றே யாருக்கும் தெரியாது. மையும் கையுமாக வீட்டுக்குப் போனால் மனைவி, "என் தம்பிமேல உள்ள கோவத்தை ஏன் சோத்து மேல காட்டுறீங்க? அந்தப் பிரிண்டரையே கட்டிக்கிட்டு அழுங்க" என்பாள். அழாமல் இருந்ததுதான் அதிசயம்.

இதற்கு மேல் முடியாது என்று இன்னொரு கூட்டம் கேட்டேன். என் பக்கம் பேச டீச்சரை வரச் சொன்னேன். அவள் சொன்னால் எடுபடும் என்று மலைபோல் நம்பினேன். அவள் எழுந்து, மறைக்காமல் உள்ளதைச் சொன்னாள்.

"மொதல்ல கஷ்டமாத்தான் இருந்தது சார். இப்ப பழகிப்போச்சு. ஆரஞ்சுன்னா சிவப்புன்னு எடுத்துக்கிறோம்."

மச்சினன் தொடையில் தட்டி, "நான் சொல்லல?" என்றான். கூட்டம் முடிந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். தெரியாதவர்கள் தப்பாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பழகிக்கொண்டாள். ஆரஞ்சைச் சிவப்பாக எடுத்துக்கொள்கிறவர்கள் நாளைக்கு எதை எதுவாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்? தவிர, அந்த ஆரஞ்சாவது எங்கேயிருந்து வந்தது? என் விரலிலிருந்து வந்தது. காலைதோறும் அந்தப் பட்டனை அமுக்கி அமுக்கி, மட்டமான ஒரு பிரிண்டரை நானே நல்லதாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். என்னைத் தோற்கடித்தது நான்தான். அதை நினைக்கும்போதுதான் வயிறு எரிந்தது.

அன்றிலிருந்து பட்டனை அமுக்குவதை நிறுத்தினேன். அவ்வளவுதான் ஐயா நான் செய்தது. ஒன்றையும் உடைக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. என் வேலை அல்லாத ஒரு வேலையைச் செய்யாமல் விட்டேன்.

அந்த வாரம் நீங்கள் கேட்கிற இந்த நீச்சல்குளத்துக் கூரைக்குக் கணக்கைத் திரும்ப ஓட்ட வேண்டியிருந்தது. காற்றுக்குழாய்களைக் கூரையிலிருந்து தொங்கவிடப் போகிறோம் என்று புதிதாகச் சொன்னார்கள். பாரம் கூடியது. திரையில் நடு வரிசை முழுக்க ரத்தச் சிவப்பாக எழும்பி வந்தது. அடித்தேன். மெஜந்தா சுத்தமாக அடைத்துப்போயிருந்தது, சிவப்பு இருந்த இடமெல்லாம் மஞ்சள். ஆரஞ்சுகூட இல்லை, நல்ல எலுமிச்சை மஞ்சள். தாளைச் சுருட்டிக் குழலில் போட்டு அனுப்பிவைத்தேன். பிறகு அதே படத்தை எடுத்துக்கொண்டு பின்தெருக் கடைக்குப் போய், நான் கேட்ட பிரிண்டரில் ஒரு தாள் அடித்து வாங்கி வந்து என் அலமாரியில் வைத்தேன். இரண்டையும் ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

டீச்சர் போன் செய்தாள். பின்னால் இரும்பை அறுக்கிற சத்தம் கேட்டது.

"சார், பாரம் கூடும்னு சொன்னாங்க. தாள்ல ஆரஞ்சே காணோமே. நடுவுல எல்லாம் மஞ்சளா இருக்கு. ஒத்தைப் பட்டை போதுமா?"

"தாள்ல என்ன நிறம் இருக்கு?"

"மஞ்சள்."

"அப்புறம் என்ன கேள்வி?"

"இல்ல சார், மனசுக்கு என்னவோ மாதிரி இருக்கு. நீங்க ஒருவாட்டி திரையில பாத்துச் சொல்லுங்களேன்."

திரை என் முன்னால்தான் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன்.

"உங்களுக்குத்தான் தாள் பழகிப்போச்சே. தாளைப் பாத்தே செய்யுங்க."

அவள் சிரித்தாள். "கோவமா சார்?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப நீங்க சொன்னா சரிதான் சார்" என்று வைத்துவிட்டாள்.

இதில் நான் சொன்ன பொய் எது என்று காட்டுங்கள். தாளில் மஞ்சள்தான் இருந்தது. மஞ்சளுக்கு ஒத்தைப் பட்டை என்பது அவர்களே வைத்துக்கொண்ட வழக்கம். நிறத்தைப் பற்றி என்னிடம் கேட்டாள், நிறத்தைப் பற்றிப் பதில் சொன்னேன்.

கூரை கொஞ்சம் தொய்யும், பதறியடித்துக்கொண்டு வருவார்கள், அப்போது புரியும் என்று நினைத்தேன். முதலில் உங்களிடம் அப்படித்தான் சொன்னேன். இப்போது நீங்கள் திரும்பக் கேட்பதால் சொல்கிறேன். தொய்வது மஞ்சளுக்கு. சிவப்புக்கு அப்படி அல்ல. கீழே தாங்கி நிற்கிற முட்டுக்கம்பங்களை எடுத்தவுடன் ஒத்தைப் பட்டை பிய்த்துக்கொண்டு நடு வரிசை மொத்தமாக இறங்கிவிடும் என்று கணக்கிலேயே இருந்தது. கணக்கை ஓட்டியவன் நான். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? கம்பங்களை எடுக்கும்போது ஆட்கள் கீழேதான் நிற்பார்கள் என்பதும் தெரியும். டீச்சர் எப்போதும் கூடவே நிற்பாள், தள்ளி நின்று வேலை வாங்குகிற ரகம் அல்ல. அதுவும் தெரியும்.

இறந்தவர்களின் பெயர்களை நீங்கள் வாசித்தபோது கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பெரும்பாலானவர்கள் எனக்கு அறிமுகமில்லை. டீச்சரை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. முதல் கூட்டத்தில் பேசியமாதிரியே இரண்டாவதிலும் பேசியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள். அவளுக்கு அது தோன்றவில்லையே.

கூரை விழுந்த மறுநாள் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். நான் அலமாரியைத் திறந்து என் தாளையும், அவர்கள் பிரிண்டர் அடித்ததன் இன்னொரு பிரதியையும் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டையும் விரித்து வைத்தேன். ஒன்றில் நடு வரிசை மஞ்சள், இன்னொன்றில் ரத்தச் சிவப்பு. குருடனுக்குக்கூடத் தெரியும் ஐயா, அவ்வளவு வித்தியாசம். இப்போதாவது பாருங்கள் என்றேன். ஒருவரும் பார்க்கவில்லை. முதலாளி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணக்கெழுதும் பெண் தேம்பிக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமாக நான் தொண்டை கிழியக் கத்தியது கண்ணெதிரே கிடக்கிறது, பார்க்க ஆளில்லை. எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசியில் மச்சினன்தான் எழுந்து வந்தான். என் தாளைக் கையில் எடுத்தான். அப்பாடா என்றிருந்தது. ஆனால் அவனும் சிவப்பைப் பார்க்கவில்லை. தாளின் கீழ்மூலையைக் கண்ணருகே கொண்டுபோனான்.

"மாமா, இது விழுறதுக்கு முன்னாடியே அடிச்சதா?"

கீழ்மூலையில் அடித்த தேதி கடுகளவு எழுத்தில் விழும். அவன் வாங்கிய பிரிண்டரில் அது வெறும் கறைமாதிரி இருக்கும். என் பிரிண்டர் அடித்ததை அவன் மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல் படித்துவிட்டான், பார்த்தீர்களா?