கோட்டுக்கு வெளியே போன மீன்

பீடோங்கிலிருந்து சுங்கைப்பட்டாணி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலோரத்தில் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"மீன் நம்ம சட்டத்தை மதிக்க மாட்டேங்குதுக்கா."

மற்றவர் திரும்பினார். "யாரு, மீனா?"

"கெம்போங் மீன்தான். கடல் சூடாயிருச்சுன்னு ஆழத்துக்குப் போயிருச்சு. என் வீட்டுக்காரரு வச்சிருக்கிறது சின்ன போட்டு. கரையோரம் கோடு போட்டு, இதுக்குள்ளதான் பிடிக்கணும்னு லைசன்ஸ் குடுத்திருக்காங்க. கோட்டுக்குள்ள இப்ப தண்ணி மட்டும்தான் இருக்கு."

"ஆபிசர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"மீட்டிங்ல எந்திரிச்சுச் சொன்னாரே! 'கோட்டைத் தள்ளிப் போடுங்க, இல்லன்னா மீனைக் கூப்பிட்டுப் பேசுங்க'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. ஆபிசரும் சிரிச்சாரு. அப்புறம், ஆராய்ச்சி நடக்குது, பொறுங்கன்னாரு."

"பொறுத்தாரா?"

"வயிறு பொறுக்கலயே. போட்டைக் கரையில கவுத்துட்டு, குருண்ல ஒரு ஐஸ் ஸ்டோர்ல வேலைக்குச் சேந்துட்டாரு. சூடு தாங்காம மீன் ஓடுச்சு, குளிர் தாங்காம இவரு ரெண்டு சட்டை போட்டுட்டுப் போறாரு."

அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பாவம் லா. அங்க என்ன வேலை?"

"பெட்டி அடுக்குறது."

"என்ன பெட்டி?"

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"கெம்போங். தாய்லாந்துலேர்ந்து வருது."